ஹொசோனோ வீடும் பண்ணைப்புரத்து ஆர்மோனியமும்

1973-ஆம் வருஷம் பிப்ரவரியில், டோக்கியோவை விட்டுத் தள்ளியிருக்கும் சயாமா என்ற ஊரில், ஒரு வாடகை வீட்டுக்குள் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருகாலத்தில் அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்காகக் கட்டிய பலகை வீடுகளில் அது ஒன்று. அதில் குடியிருந்தவர் ஹருவோமி ஹொசோனோ. வயது இருபத்தைந்து. பாட்டை எழுதுவதும் மெட்டுப் போடுவதும் பாடுவதும் அவரேதான். நண்பர்கள் நாலு பேர் டிரம்ஸ், கிடார், பியானோ என்று கூட உட்கார்ந்தார்கள். அந்த மே மாதம் வெளிவந்த ஆல்பத்துக்கு அவர் யோசித்து ஒன்றும் பெயர் தேடவில்லை. 'ஹொசோனோ ஹவுஸ்', அவ்வளவுதான்.

இந்த ஆல்பத்தை நான் முழுசாகக் கேட்டது மேகமலையில். சின்னமனூரிலிருந்து மேலே ஏற ஏற போனில் சிக்னல் கழன்றுகொள்ளும். ஹைவேவிஸ் தாண்டி மணலாறு போகும்போது, இறக்கி வைத்திருக்கும் பாட்டு மட்டும்தான் துணை. ஜீப் ஓட்டிய தம்பி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்னண்ணே பாட்டு இது?"

"ஜப்பான்காரர் பாடினது."

"ஜப்பானா? நம்ம ஊரு மாட்டுவண்டி வெறும் வண்டியாத் திரும்பி வர்ற மாதிரில்ல இருக்கு."

இதைவிடச் சரியாக ஒரு விமர்சகர் சொல்லிவிட முடியாது. முதல் பாட்டில் கிடாரும் குரலும்தான். அடித்தொண்டையிலிருந்து வரும் குரல், யாரையும் கவர வேண்டும் என்ற அவசரமே கிடையாது. 'நிலையான முகவரி இல்லை, வேலை இல்லை, வருமானம் குறைவு' என்ற பொருளில் ஒரு பாட்டுக்குத் தலைப்பு. அமெரிக்க நாட்டுப்புற இசையைக் கேட்டு வளர்ந்த கைதான். ஆனால் மழை, குடை, குளிர்காலம், வாடகை வீடு என்று பாடுவதெல்லாம் சொந்தச் சரக்கு. அதற்கு முன்னால் அவர் இருந்த 'ஹேப்பி எண்ட்' குழு ஒரு பெரிய சண்டையைக் கிளப்பியிருந்தது. ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, இங்கிலீஷில்தான் பாட வேண்டுமா என்று 1970 வாக்கில் அங்கே பத்திரிகைகளில் மேடை போட்டு வாதாடினார்கள். ஹேப்பி எண்ட் வாதாடியதோடு நிற்காமல் 1971-இல் 'கஸெமாச்சி ரோமன்' என்ற ஆல்பத்தைத் தாய்மொழியிலேயே போட்டுக் காட்டியது. அதோடு வழக்கு முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து யோசுய் இனோவே என்ற இன்னொரு பாடகர், நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வளர்ந்தவர், வெளியிட்ட 'கோரி நோ செகாய்' பத்து லட்சம் பிரதி விற்றது. ஜப்பானில் ஓர் ஆல்பம் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சினிமா கிடையாது, கதாநாயகன் கிடையாது. தன் பாட்டைத் தானே எழுதிப் பாடிய ஓர் ஆள், ஒரு கிடார்.

(ஹொசோனோ நம் பக்கமும் வந்திருக்கிறார். இந்தியாவைச் சுற்றிவிட்டு 1978-இல் அவர் போட்ட ஆல்பத்தின் பெயர் 'கொச்சின் மூன்'. அதில் ஒரு பாட்டுக்குத் தலைப்பு 'மெட்ராஸின் கான்சல் ஜெனரல் அம்மையார்'! அதற்குள் அவர் கிடாரை வைத்துவிட்டு எலெக்ட்ரானிக் இசைக்குப் போயிருந்தார்.)

மலைப்பாதையில் ஓரிடத்தில் ஜீப்பை நிறுத்தினால் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் கீழே விரியும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல், அதையடுத்துத் திராட்சைப் பந்தல், தென்னை. எதிர்ப்பக்கம் மேற்கு மலை. அதன் அடிவாரத்தில்தான் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம். அங்கே நின்று பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது: இத்தனை பாட்டுக்காரர்களைப் பெற்ற இந்தப் பள்ளத்தாக்குக்கு ஏன் ஒரு 'ஹொசோனோ ஹவுஸ்' வாய்க்கவில்லை?

ஆள் இல்லாமல் இல்லை. பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் இருந்தார். தானே எழுதி, மெட்டுக் கட்டி, ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். கிடாருக்குப் பதில் ஆர்மோனியம் என்பதைத் தவிர, ஜப்பான்காரர்கள் எழுபதுகளில் செய்த காரியத்தை இவர் ஐம்பதுகளிலேயே செய்துகொண்டிருந்தார். 1958-இல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். ரோசம்மா புன்னூஸ் கட்சி வேட்பாளர். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் சனங்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களிடம் கட்சி அனுப்பியது பாவலரை. கூடவே போன தம்பிக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. கட்சி ஜெயித்தது. அந்த வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாவலர் பாட்டைச் சொல்லாமல் விடுவதில்லை. பாவலருக்குக் கிடைத்தது மேடை. ஸ்டூடியோவும் இல்லை, வீட்டு வாசலுக்கு ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து இறக்கும் கம்பெனியும் இல்லை. தம்பி இசையமைத்த 'அன்னக்கிளி' படம் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

அந்தத் தம்பிதான் இளையராஜா. மெட்ராஸுக்குப் போகக் காசில்லாமல், அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். கேட்டுக்கொண்டிருந்த பெட்டியை விற்றுத்தான் பாட்டுக்காரன் கிளம்பினான். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வு. 1976-இல் பஞ்சு அருணாசலம் மூலம் 'அன்னக்கிளி'. 'மச்சானப் பாத்தீங்களா' பாட்டை ஒருதரம் படத்தை மறந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். நாத்து நடுகிற இடத்தில் கிளம்பும் மெட்டு அப்படியே இருக்கிறது. அடியில் மேற்கத்திய வாத்தியங்கள் அதைத் தாங்குகின்றன, மிதிக்கவில்லை. ஹேப்பி எண்ட் மேடை போட்டு வாதாடியதை இவர் வாதமே இல்லாமல் முடித்துவிட்டார்.

ஆனால் அது ஒரு கதாநாயகிக்கான பாட்டு, ஒரு காட்சிக்கான பாட்டு. நம்மூரில் பாட்டுக்குக் குடியிருக்க வீடு என்றால் அது சினிமா ஒன்றுதான். வாடகையும் அதுதான் கட்டியது. சினிமா இல்லாமல் இளையராஜா தனியாக ஆல்பம் போட்டபோது என்ன நடந்தது? 1986-இல் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை, வி.எஸ். நரசிம்மனின் வயலின். 1988-இல் 'நத்திங் பட் விண்ட்', ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். 2005-இல் புடாபெஸ்ட் சிம்ஃபனி இசைக்குழுவோடு திருவாசகம். 2025 மார்ச்சில் லண்டனில் சிம்ஃபனி. ஒவ்வொன்றும் பெரிய காரியம். ஆனால் இவற்றில் எதிலும் பண்ணைப்புரம் இல்லை. ஊர் முழுக்கப் படப்பாட்டுக்குப் போய்விட்டது, தனி ஆல்பத்துக்குப் பாஹும் தியாகராஜரும் வந்தார்கள். நாட்டுப்புறத்திலிருந்து வந்தவன் நாட்டுப்புறம்தான் பாட வேண்டும் என்று சொல்ல நான் யார்? அப்படிச் சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில்தான் அந்த ஆல்பங்கள் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் ஆசை என்று ஒன்று இருக்கிறது. அவரே எழுதி, அவரே ஆர்மோனியம் வைத்து, சைடில் ஒரு கிடாரும் உறுமியும் மட்டும் வைத்துக்கொண்டு, அம்மாவையும் அண்ணனையும் அந்த ரேடியோவையும் பாடுகிற ஒரு பத்துப் பாட்டு. அது ஒன்றுதான் பாக்கி.

ஹொசோனோ 2019-இல் 'ஹொசோனோ ஹவுஸ்' பாட்டுகளையே மறுபடி புதிதாகச் செய்து, கடைசிப் பாட்டை முதலில் வைத்து, வரிசையைத் தலைகீழாக்கி வெளியிட்டார். எழுபது தாண்டிய வயதில் இருபத்தைந்து வயது வீட்டுக்குள் இப்படிப் போய்வர, முதலில் அந்த வீடு பதிவில் இருக்க வேண்டும்.

இன்றைக்கும் விடியற்காலையில் கோம்பை, தேவாரம், கம்பம் பக்கமிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். வண்டியில் ஓடுவது பெரும்பாலும் ராஜா பாட்டுதான். அவர்களில் மூத்தவர்களுக்கு, ரேடியோ வருவதற்கு முன்னால் பாடிய பாட்டுகள் தெரியும். களையெடுப்புப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கிண்டல் பண்ணும் பாட்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு அப்பத்தா இருந்தால் இந்த வாரமே உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள். சயாமாவுக்கு வந்ததுபோலக் கருவி வர வேண்டியதில்லை, கையில் இருக்கும் போன் போதும். பாட்டு தொடங்குமுன் பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள். நாளைக்கு அந்த மெட்டு ஏதாவதொரு படத்தில் வந்தால், யாருடையது என்று கேட்க ஓர் ஆதாரம் வேண்டும்.