ஏவல் இல்லாத வீடு

முதலாண்டு மாணவர்களுக்கு ஏவல் வினைமுற்று நடத்துவது எளிது. நட, வா, உண், படி. வினைப்பகுதி அப்படியே நின்றாலே தமிழில் அது முன்னிலை ஒருமை ஏவல். கரும்பலகையில் நான்கைந்து எழுதிப்போட்டால் போதும், புரிந்துகொள்வார்கள். பதினெட்டு ஆண்டுகளாக இதை நடத்துகிறேன். அந்தச் சின்னஞ்சிறு சொற்கள் ஒரு குழந்தையின் உடம்பை என்ன செய்யும் என்பதை என் மகளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அவளுக்கு இப்போது 12 வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்றார்கள். நான் தேடிப் படித்த எந்த விளக்கத்துக்குள்ளும் அவள் முழுதாக அடங்கவில்லை. நன்றாகப் பேசுவாள், கதை கட்டுவாள். "செருப்பைப் போடு" என்றால் மட்டும், "நான் இப்ப பூனை. பூனை செருப்புப் போடாது" என்பாள். மறுபடி சொன்னால், "என் காலு செத்துப்போச்சும்மா." மூன்றாம் முறை கட்டிலுக்கு அடியில் புகுந்து அலறுவாள். அவளே ஆசையாகக் கேட்ட தோசையை வைத்து "சாப்பிடு" என்றால் கை நகராது. பசியோடு அழுதுகொண்டே தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது. நீ காலேஜு, கவிதைன்னு அலைஞ்சா இப்படித்தான்" என்றார் அத்தை. கணவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆட்டிசத்துக்குப் பெற்றோரின், குறிப்பாகத் தாயின், பாசமின்மையே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் நூல் எழுதியது 1967இல். அந்தக் கருத்து ஆய்வுலகில் எப்போதோ வீழ்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் வீழவில்லை.

பயிற்சி மையத்தில் ஓர் அட்டவணை கொடுத்தார்கள். பல் துலக்கினால் ஒரு நட்சத்திரம், குளித்தால் ஒன்று. மூன்றாம் நாள் அதைக் கிழித்துப் போட்டாள். பரிசும் அவளுக்கு இன்னொரு கட்டளைதான் என்று எனக்கு அப்போது தெரியாது. "நீங்க விட்டுக்கொடுக்கிறீங்க மேடம். ஸ்ட்ரிக்டா இருங்க" என்றார்கள். இருந்தேன். ஒரு காலையில் அவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துச் சீருடை மாட்டினேன். பள்ளி வாசலில் விட்டுவிட்டு, நேரே போய் வகுப்பெடுத்தேன். அன்றிரவு அவள் சொன்னாள்: "நீ பிடிச்சப்ப நான் இல்லாமப் போயிட்டேம்மா."

அதன் பிறகுதான் தேடினேன். 1980களில் பிரிட்டனின் நாட்டிங்காமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட குழந்தைகளைக் கவனித்து ஒரு பெயர் வைத்திருந்தார். பெத்தலாஜிகல் டிமாண்ட் அவாய்டன்ஸ், சுருக்கமாகப் பி.டி.ஏ. அன்றாடக் கோரிக்கைகள் எதுவானாலும் பதற்றத்தால் அதைத் தவிர்ப்பது. 2003இல் அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பூனையும் செத்த காலும் வீம்பல்ல, தப்பிக்கும் வழிகள் என்று அதைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் இது தனி நோயறிதலாக இல்லை. அதே ஆண்டு, ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன், கீழ்ப்படியாமையை நோய் என்று அழைப்பதையே கேள்வி கேட்டார். விவாதம் தொடர்கிறது. பெயர் எதுவானாலும் சரி, என் மகளை வைதுகொண்டிருந்த என் வாயை அது அடைத்தது.

ஆனால் வழி காட்டியது ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு வரிசை. தையல் வேலை செய்யும் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பி.டி.ஏ. என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதில்லை. தன் மகனைக் காட்டி, "சொல்லாம விட்டா செய்யிறான்க்கா. சொன்னாத்தான் செய்ய முடியல" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஏவலை விட்டேன். "குளி" என்பதற்குப் பதில், "வெந்நீர் விளாவி வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு மாதம் நடந்தது. பிறகு கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, நீ சொல்லாத மாதிரி சொல்ற." இலக்கணத்தை மாற்றினேனே தவிர எண்ணத்தை மாற்றவில்லை. அவள் குளிக்காவிட்டாலும் சரி என்று நான் உண்மையாகவே இருந்தால்தான் அந்தச் சொல் கட்டளையாகாமல் இருக்கும். இது எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. மருந்தும் சாலையைக் கடப்பதும் விட்டுக்கொடுக்க முடியாதவை. அவை தவிர மற்றவற்றில் ஒவ்வொன்றாக என் பிடியைத் தளர்த்தி வருகிறேன்.

'சொன்ன பேச்சு கேக்குற புள்ள' என்று பெயர் வாங்கி வளர்ந்தவள் நான். முனைவர் பட்டத்துக்குக்கூட மூன்று பேரிடம் அனுமதி கேட்டேன். அதனால், 'அடங்காப்பிடாரி' என்று ஊர் வையும் மகளைப் பார்த்து எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்ததுண்டு. அது தவறு. அவளுடைய 'மாட்டேன்' கலகமல்ல. தனக்குப் பிடித்த தோசைக்கும் 'சரி' சொல்ல முடியாமல் அழுகிற குழந்தை அவள். அவளை என் பெண்ணியத்துக்குக் கொடியாக்க எனக்கு உரிமையில்லை. அவளை அடக்கச் சொல்லும் ஊரிடம், கீழ்ப்படிதலைப் பெண்ணின் குணமாக்கியது யார் என்று கேட்க மட்டும் உரிமையுண்டு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டை வாங்கிவிட்டோம். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம் என்றார்கள். 'எழுது' என்ற சொல்லே சுவராக நிற்கும்போது கூடுதல் நேரம் என்பது அந்தச் சுவரின் முன்னால் இன்னும் கொஞ்சம் நிற்பதுதான். வினாத்தாளை மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்கும் ஆசிரியருக்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டமில்லை. அப்படி ஒருவர் தற்செயலாக எங்களுக்குக் கிடைத்திருக்கிறார்.

இப்போது ஐந்து தாய்மார்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தத் தையல்காரத் தங்கையின் மொட்டைமாடியில் கூடுகிறோம். யாருக்கும் யாரும் அறிவுரை சொல்வதில்லை. ஒருத்தி தூங்கினால் மற்றவர்கள் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம். அப்பாக்களில் இருவர் வரத் தொடங்கியிருக்கிறார்கள், என் கணவரும் ஒருவர். எலுமிச்சைச் சோற்றை நடுவில் திறந்து வைத்திருப்போம். பிள்ளைகளை 'வா' என்றோ 'சாப்பிடு' என்றோ யாரும் கூப்பிடுவதில்லை. போன மாதம் வெகுநேரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்த என் மகள், எங்கள் பேச்சுக்கு நடுவே வந்து, ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள். நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை.