சுண்டெலியின் கண்ணை அளப்பது

சுண்டெலியின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 3 மி.மீ. நீளமே உள்ளது. இவ்வளவு சிறிய கண்ணில் கிடைக்கும் எண் கருவியைவிட எலியின் நிலையையும் கையாளும் முறையையும் சார்ந்தது. எந்த ஆய்விலும் முதலில் பார்க்க வேண்டியது எலியின் வகை. எஃப்.வி.பி., சி3எச் வகைகளில் ஆர்டி1 என்ற மரபுப் பிறழ்வு உண்டு. அவை பிறந்த சில வாரங்களிலேயே பார்வை இழப்பதால், பார்வைச் சோதனைக்கு உதவா. டி.பி.ஏ/2ஜே வகையில் வயது ஏற ஏறக் கண் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சிதையும். அதனால் குளுக்கோமா ஆய்வில் இது பெரிதும் பயன்படுகிறது.

கண் அழுத்தம் அளக்க இன்று பரவலாகப் பயன்படுவது டோனோலேப் போன்ற மீள்துள்ளல் டோனோமீட்டர். காந்தமேற்றிய மெல்லிய ஊசி ஒன்று கருவிழியில் மெதுவாக மோதித் திரும்பும். அழுத்தம் கூடியிருந்தால் ஊசியின் வேகம் சட்டென்று குறையும். கருவி அதிலிருந்து அழுத்தத்தைக் கணிக்கும். ஊசி கருவிழியின் நடுவில் செங்குத்தாகப் பட வேண்டும். நலமான எலியில் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ. பாதரசம் வரை இருக்கும்.

இந்த எண்ணைக் கெடுப்பவை பல. கழுத்தை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் ஏறும். கெட்டமைன், சைலசின் என்ற மயக்க மருந்துக் கலவையில் நேரம் செல்லச் செல்ல இறங்கும். ஆகவே மயக்கம் பிடித்த சில நிமிடங்களுக்குள் எல்லா எலிகளையும் ஒரே இடைவெளியில் அளக்க வேண்டும். எலி மயக்கமின்றி அளக்கப்பட்டால், முன்னதாகவே அதைப் பிடிக்குப் பழக்க வேண்டும். இரவில் அழுத்தம் கூடுவதால் அளக்கும் வேளையும் மாறக்கூடாது.

கண் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை விழித்திரை மின்வரைவு, அதாவது ஈ.ஆர்.ஜி., காட்டும். எலியை இரவு முழுவதும் இருட்டில் வைத்து, மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் மயக்கி, கருவிழியில் மின்முனை வைத்து ஒளி மின்னல் காட்டுவார்கள். முதலில் கீழிறங்கும் 'ஏ' அலை ஒளியுணர் செல்களிலிருந்தும், பின் மேலேறும் 'பி' அலை முக்கியமாக இருமுனை செல்களிலிருந்தும் எழுகின்றன. உடல் சூட்டை 37 டிகிரி செல்சியஸ் அருகே வைத்திருக்காவிட்டால் அலைகள் சிறுத்துத் தாமதமாகும். கண் காய்ந்தால் வில்லை தற்காலிகமாக வெளுத்து, ஒளியை மறைக்கும். குளுக்கோமாவில் முதலில் பாதிக்கப்படும் நரம்புமுடிச்சு (கேங்க்ளியன்) செல்களை இந்தச் சோதனை சரியாகக் காட்டாது. அதற்குக் கோட்டு வடிவங்களைக் காட்டிப் பதியும் பேட்டர்ன் ஈ.ஆர்.ஜி. தேவை.

மயக்கமே வேண்டாத வழி, சுழலும் கோடுகளை எலி தலை திருப்பித் தொடர்கிறதா என்று பார்ப்பது. கோடுகள் நுணுகிக்கொண்டே போகும். எலி தொடர்வதை நிறுத்தும் அளவே பார்வைக் கூர்மையின் எல்லை. சி57பிஎல்/6 வகையில் இது ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 இருள்-ஒளிக் கோட்டு இணை. சுழலும் திசையை மாற்றினாலே இரு கண்களையும் தனித்தனியாகச் சோதிக்கலாம்.

மூன்று சோதனைகளும் ஒரே எலியில் நடக்குமானால், மயக்கம் வேண்டாத தலைத்திருப்பல் முதலில் வருவது நல்லது. எந்த எலி எந்தக் குழு என்பது அளப்பவருக்குத் தெரியாதிருப்பதும் அவசியம்.