இடுப்பில் ஓர் அமானிதம்

நம் தந்தையார் எழுபது வயதை எட்டிய மறுவாரம் நம்மை அழைத்து, தம் அலமாரியின் உள்ளறையைத் திறந்து காட்டினார்கள். 1984ஆம் ஆண்டு முதல் அவர்கள் பெயரில் உரிமம் பெற்றிருந்த .32 ரிவால்வர் அங்கே இருந்தது. வெப்ளி ஸ்காட் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் பழைய தயாரிப்பு. “இனி இது உன் பொறுப்பாகலாம். ஆனால் கையில் எடுக்கும் முன் நன்றாக யோசித்துச் சொல்” என்றார்கள்.

உரிமம் பெற்றவர் எழுபது வயதை எட்டினாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் ஆயுதத்தை வைத்திருந்தாலோ, அதைத் தம் வாரிசுக்கு மாற்றித் தர விண்ணப்பிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. வாரிசும் தன் பெயரில் உரிமம் பெற்றாக வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் அதற்குத் திருப்பத்தூருக்குச் செல்ல வேண்டும். காவல் துறையின் விசாரணை, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிக்கான சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் ஏற்பாடு ஆகிய அனைத்தும் வேண்டும்.

தந்தையார் அதை வாங்கியது வீண் பெருமைக்காக அன்று. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் வட்டாரத்தில் தோல் தொழில் அந்நாளில் ரொக்கத்தால்தான் நடந்தது. பச்சைத் தோல் கொள்முதலுக்கும் பணம் கையில் வேண்டும். சனிக்கிழமைதோறும் தொழிலாளரின் வாரக்கூலிக்கும் பணம் கையில் வேண்டும். வங்கியிலிருந்து எடுத்த பணப்பையோடு ஊருக்கு வெளியே இருந்த தொழிற்சாலைக்குச் செல்லும் வழியில் ஆள் நடமாட்டம் குறைவு. அந்தப் பாதைக்காகவே அந்த ஆயுதம்.

உண்மையைச் சொல்வதானால், நமக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பழைய ரிவால்வரின் கனம் நமக்கு ஒத்துவரவில்லை. எந்நாளும் இடுப்பில் வைத்து, வெளியே தெரியாமல் எடுத்துச் செல்லத்தக்க சிறிய ஒன்றை வாங்கினால் என்ன என்று தோன்றியது. விவரங்களைத் திரட்டத் தொடங்கினோம்.

நம் நாட்டில் உரிமம் உள்ள குடிமகன் வாங்கும் ரிவால்வர்களில் .32 அளவே பரவலானது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் ‘நிர்பீக்’ 2014இல் வெளிவந்தது. 2012இல் டெல்லியில் கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த இளம்பெண்ணின் நினைவைத் தாங்கிய பெயர் அது. டைட்டானியக் கலவையால் ஆனது. எடை 500 கிராம் அளவே. வெளிவந்தபோது அதன் விலை 1,22,360 ரூபாய். 2023இல் அதே நகரிலிருந்து ‘பிரபல்’ வந்தது. எடை 700 கிராம். குழலின் நீளம் 76 மி.மீ.; முழு நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. பழைய வகைகளை நடுவில் மடக்கித் திறந்து தோட்டா இட வேண்டும். இதிலோ சுழலும் உருளை பக்கவாட்டில் வெளியே வரும்.

சிறியதே சிறந்தது என்றுதான் முதலில் எண்ணினோம். கேட்டுப் படித்த பின்னரே உண்மை விளங்கியது. ஆயுதம் இலேசாக இருந்தால் சுடும்போது அதன் உதைப்பு கையில் அதிகமாகத் தாக்கும். குழல் குட்டையாக இருந்தால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தொலைவு குறையும்; ஆகவே சிறு பிழையும் குறியைப் பெரிதும் தவறச் செய்யும். விசையின் இழுப்பு கனமாக இருப்பது தவறுதலாக வெடிப்பதைத் தடுக்கும். ஆயினும் பழகாத விரலுக்கு அதுவே இடையூறு. ஆக, சுமப்பதற்கு எளிதானது சுடுவதற்கு அரிதாகிறது. இடைவிடாத பயிற்சி இல்லாதவர் கையில் சிறு ரிவால்வர் காவலன் அல்ல. பதற்றத்தில் யாரைத் தாக்கும் என்று அறிய முடியாத ஆபத்து.

அடுத்து உறை. உறைக்குள் வைத்து, உடலோடு பொருத்தி, முழுதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்தே பொது இடத்தில் கொண்டு செல்ல வேண்டும் என்பது விதி. தோலுக்கா நமக்குப் பஞ்சம்! ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளால் பதனிட்ட தடித்த தோலே உறைக்கு ஏற்றது. நனைத்து அழுத்தினால் ஆயுதத்தின் வடிவை ஏற்று விறைப்பாக நிற்கும். விசையை முழுதும் மூடிக் காக்கும். குரோம் பதனத் தோல் துவண்டுவிடும். எந்தத் தோலாயினும் ஈரத்தை ஈர்க்கும். ஆகையால் ஆயுதத்தை நெடுநாள் உறையிலேயே விட்டு வைத்தால் துரு ஏறும். நம் ஊரின் கோடை வியர்வைக்கு இதைத் தனியே சொல்லவும் வேண்டுமோ?

உறையையும் முடிவு செய்துவிட்ட நிலையில், ஓர் இரவு நம் இல்லத்தரசி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எல்லாம் சரிங்க. லுக்கு தொழுகைக்குப் பள்ளிக்குப் போவீர்களே, அப்போது அதை என்ன செய்வீர்கள்?”

நம்மிடம் பதில் இல்லை. வெளியே வைத்துவிட்டுப் போக முடியாது. உரிமம் இல்லாத ஒருவர் கையில் ஒரு நிமிடம் கொடுத்து வைக்கவும் சட்டம் இடந்தராது. இடுப்பிலேயே வைத்துத் தொழுதால், ருகூவில் குனியும்போது ஜிப்பா மேலேறும். சுஜூதில் அது தரையில் இடிக்கும். பின் வரிசையில் நிற்கும் சிறுவன் அதைக் காண்பான். தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர் அதன் விறைப்பை உணர்வார். அல்லாஹ்வின் முன்னே நெற்றியைத் தரையில் வைக்கும் அந்த நேரத்திலும் நம் மனம் இடுப்பில்தானே இருக்கும்!

அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர், எவருக்கும் காயம் நேராதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். உருவிய வாளை ஒருவருக்கொருவர் கைமாற்றுவதையும் அவர்கள் தடுத்தார்கள். ஆயுதம் வைத்திருப்பதை மார்க்கம் மறுக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்பதும் நபிமொழியே. எனினும் ஆயுதம் தாங்கியவன், தன் உயிருக்கு மட்டுமின்றித் தன்னைச் சூழ்ந்த உயிர்கள் அனைத்திற்கும் பொறுப்பாளி ஆகிறான். அது சொத்து அன்று; அமானிதம்.

அப்போதுதான் முதற்கேள்விக்கே திரும்பினோம். எதற்காக நமக்கு இது? தந்தையார் சுமந்த பணப்பை இன்று இல்லை. 2017 ஏப்ரல் முதல் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுத்தது. தோலுக்குரிய பணமும் கூலியும் வங்கி வழியே செல்கின்றன. நம்மை மிரட்டியவர் எவரும் இல்லை. பையே இல்லாதபோது பைக்குக் காவல் தேடியிருக்கிறோம்! மறைத்துச் சுமக்க விரும்பியது ரிவால்வரையா, அல்லது நம் மனத்திலிருந்த சிறு கர்வத்தையா?

மெய்யான அச்சுறுத்தலுக்கு உள்ளானவர் நிலை வேறு. அவர் முறைப்படி உரிமம் பெற்று, நன்கு பழகி, தம் கைக்கு அடங்குவதைத் தேர்ந்து வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. அவரும் எடையையும் விலையையும் பார்க்கும் முன், ஒரு நாளில் தாம் செல்லும் இடங்களை எண்ணிப் பார்க்கட்டும். பள்ளிவாசல், திருமண மண்டபம், பேரக்குழந்தை தாவி ஏறும் மடி என ஒவ்வோர் இடத்திலும் அது எங்கே இருக்கும் என்பதற்கு விடை கண்டபின் கடைக்குச் செல்லட்டும்.

நம் முடிவைத் தயங்கித் தயங்கித் தந்தையாரிடம் சொன்னோம். “அத்தா, எனக்கு அது வேண்டாம், சிறியதும் வேண்டாம்.” கோபம் கொள்வார்கள் என்று அஞ்சினோம். அவர்களோ நெடுநேரம் ஜன்னலைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்கள்:

“சனிக்கிழமை அஸருக்கு நான் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று சிறுவயதில் நீ கேட்பாய். வேலை இருக்கிறது என்பேன். வேலை இல்லையப்பா. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸஃப்பில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. தொழிற்சாலை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே தொழுதேன். முப்பது ஆண்டுக்கு மேல் சனிக்கிழமை அஸர் ஜமாஅத் எனக்குக் கிடைக்கவில்லை.”

உரிய அனுமதி பெற்று, உரிமம் உள்ள ஆயுத வணிகரிடம் அந்த ரிவால்வரை ஒப்படைத்தோம். அடுத்து வந்த சனிக்கிழமை, அஸர் பாங்கு ஒலிக்கும் முன்பே தந்தையார் ஒளூச் செய்து வாசலில் காத்திருந்தார்கள். இருவரும் பள்ளிக்கு நடந்து சென்றோம்.