பத்துச் சுற்றுக்கு 36

ஆலையிலிருந்து வந்தபோது என் கே.இ.70 கொரோலாவில் இருந்தது 4கே இன்ஜின். எனக்கு முன் வைத்திருந்தவர் ஏ.இ.86-இன் 1,587 சிசி 4ஏ-ஜிஇ இன்ஜினை ஏற்றியிருந்தார். கியர்பாக்ஸ்? டி50 என்றார் ஒருவர். சுப்ராவின் டபிள்யூ58 என்றார் இன்னொருவர். அது தெரியாமல் கிளச் தட்டுகூட வாங்க முடியவில்லை.

ஞாயிறு காலை, பத்து பகாட் நகரிலுள்ள பட்டறையில் அண்ணன் சொன்னார்: “எதுக்குய்யா சண்டை, எண்ணிப் பார்த்துடலாம்.” பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, முதல் கியர் போட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் சுண்ணாம்புக் கோடு கிழித்தோம். அண்ணன் ஸ்பேனரால் கிராங்க் புல்லியைச் சுற்ற, நான் கீழே படுத்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டி50-க்கு முதல் கியர் விகிதம் 3.587, டபிள்யூ58-க்கு 3.285. நான்காவதில் எண்ணிப் பயனில்லை, இரண்டிலும் ஒன்றுக்கு ஒன்றுதான்.

ஷாஃப்ட் பத்துச் சுற்று முடித்தபோது கிராங்க் ஏறக்குறைய 36 சுற்றியிருந்தது. டபிள்யூ58 என்றால் 33-க்குள் முடிந்திருக்கும். டி50 தான்! கீழே கிடந்தபடியே கத்திவிட்டேன்.

இன்ஜின் மாற்றிய பழைய கார் வாங்கும் நண்பர்களே, யார் வாய்ச்சொல்லையும் நம்பிச் சாமான் வாங்காதீர்கள். முதலில் சுற்றி எண்ணிப் பாருங்கள்.