‘குட்’ என்ற ஒரு சொல்

போத்தனூரில் பிறந்தவனுக்கு ஆங்கிலத்தின் முதற்பாடம் பள்ளிக்கூடத்தில் அன்று, புகைவண்டி நிலையத்தில்தான் தொடங்குகிறது. சென்னையிலிருந்து மலையாளக் கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1862-இல் எங்கள் ஊரைத் தொட்டது. அதனோடு வந்திறங்கிய சொற்களில் ஒன்றுதான் இந்தக் ‘குட்’.

‘குட்’ என்றால் ‘நல்ல’ என்று வகுப்பில் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். அன்று மாலையே ஓடிப்போய், “கூட்ஸ் வண்டி என்றால் நல்ல வண்டியா, அத்தா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “இல்லை மகனே, சரக்கு வண்டி” என்றார். நல்லதற்கும் சரக்குக்கும் என்ன உறவு என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

பின்னாளில் திருமறையைப் பொருளுணர்ந்து ஓதியபோது விளங்கிற்று. அரபியில் ‘கைர்’ என்றால் நன்மை. மரண சாசனம் பற்றிப் பேசும் இரண்டாம் அத்தியாயத்தின் 180-ஆம் வசனத்திலோ, அதே சொல் ஒருவர் விட்டுச் செல்லும் செல்வத்தைக் குறிக்கிறது. நன்மையும் உடைமையும் ஒரே சொல்லில் குடியிருப்பது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய விந்தையன்று.

இரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களுள் ஒரு முதியவர், பிள்ளைகளுடன் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுகையில், ‘ஃபார் குட்’ போவதாகச் சொன்னார். நன்மைக்காகப் போகிறார் என்று மகிழ்ந்தேன். இனித் திரும்புவதில்லை என்பதே அதன் கருத்தென்று அத்தா சொன்னதும் அழுதுவிட்டேன். அவர் கூறிச் சென்ற ‘குட்பை’, ‘இறைவன் உம்மோடு இருப்பானாக’ என்ற பழைய வாழ்த்து தேய்ந்து சுருங்கியதாம். நாம் ‘ஃபீ அமானில்லாஹ்’ என்று வழியனுப்புகிறோமே, அதற்கு அது உடன்பிறப்பு.

இவற்றையெல்லாம் சொன்ன அத்தா, ஒன்றை மட்டும் நான் வளரும்வரை சொல்லவில்லை. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட ஏறத்தாழ 100 பேரை, பெரும்பாலும் மாப்பிள்ளை முஸ்லிம்களை, திரூரில் காற்றோட்டமற்ற மூடிய வேகன் ஒன்றில் அடைத்துப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது 50-க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டு கிடந்தனர். இறந்தோர் தொகை பின்னர் 70 ஆயிற்று. திரூரில் அவர்கள் பெயரால் நினைவு மண்டபம் இருக்கிறது. கதவு திறக்கப்பட்ட ஊர் எங்களுடையது.

சட்டத்தின் ஏட்டில் அவர்கள் கைதிகள். ஏற்றி அனுப்பியவர்களின் கண்ணுக்கோ வெறும் கூட்ஸ். ‘ஃபீ அமானில்லாஹ்’ என்று சொல்லி வழியனுப்ப அவர்களுக்கு அன்று யார் இருந்திருப்பார்கள்?

அண்மையில் என் பேரன், நீண்டு செல்லும் சரக்கு வண்டியைக் கண்டு, நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டான். அத்தா சொன்ன அதே விடையைச் சொன்னேன். அவன் இன்னும் சற்று வளரட்டும். மீதியையும் சொல்லியாக வேண்டும்.