சவ்வின் ஆயுள்

நெய்வேலிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எந்தச் சங்கதியைப் பற்றிக் கேட்டாலும், அது எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்துதான் பேச ஆரம்பிப்பார்கள். ஊரே இயந்திரங்களை நம்பிப் பிறந்த ஊர். 1957ஆம் வருஷம் மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து, மண்ணை வெட்டுவதற்கு ஒரு இயந்திரம், அதை அள்ளிக்கொண்டு போவதற்கு ஒரு இயந்திரம் என்று அவற்றோடுதான் ஜனங்களின் வாழ்க்கை.

என் அக்காள் கணவர் அங்கே நிலத்தடி நீர் இறைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகரில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். கிருகப்பிரவேசம் நடந்த வருஷமே அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. அது நடந்து எட்டு வருஷமாகிறது.

இந்த எட்டு வருஷமும் அவரைக் காப்பாற்றி வந்தது வயிற்று வழி டயாலிசிஸ். வீட்டில் அதற்கு 'பை மாற்றுவது' என்று பெயர். அவரே எனக்கு விளக்கிச் சொன்னார்:

"குடலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு மாப்பிள்ளை. இப்போ எனக்கு அதுதான் சிறுநீரகம்."

சர்க்கரை கலந்த திரவம் இரண்டு லிட்டரை, வயிற்றில் பொருத்திய குழாய் வழியே உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் அது உள்ளே இருக்கும். ரத்தத்திலுள்ள கழிவு சவ்வின் வழியே அந்தத் திரவத்தில் இறங்கும். உடம்பில் மிகுந்துபோன தண்ணீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டுப் புதுப் பை மாட்ட வேண்டும். நாளொன்றுக்கு நாலு தடவை. இதற்கு மின்சாரம் வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலும் வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு பேரன் பள்ளி விழாவுக்குப் போகலாம். வடலூர் தைப்பூசத்துக்கும் போகலாம். அவர் போனார்.

கான்டர் என்ற ஜெர்மன் டாக்டர் 1923இல் மனித உடம்பில் முதன்முதலாகப் பரிசோதித்துப் பார்த்த முறை இது. நோயாளி நடமாடிக்கொண்டே தொடர்ந்து செய்துகொள்ளும்படி 1976இல் அமெரிக்காவில் இதை மாற்றியவர்கள் மான்கிரீஃப், போபோவிச் என்ற இருவர். இந்தியாவுக்கு 1991இல் வந்தது.

சென்ற வருஷத்திலிருந்து மாமாவின் பையில் திரும்பி வரும் நீர் குறைந்தது. சர்க்கரை கூடுதலான திரவத்துக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் சரியாக இருந்தது; மறுபடி குறைந்தது. கால் வீங்கியது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "சவ்வு களைத்துவிட்டது. அது தடித்துத் தழும்பாகிக்கொண்டு வருகிறது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்த டயாலிசிஸ் செய்துகொள்வதைப் பற்றி யோசியுங்கள்."

மாமா யோசிக்க விரும்பவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"நீ எழுதுகிறவன், நாலு புஸ்தகம் படிக்கிறவன். இந்தத் தழும்பைக் கரைக்க மருந்து இருக்கா, பார்த்துச் சொல்லு."

பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டு வந்தவன் நான். ஆனாலும் உட்கார்ந்து படித்தேன். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் விளங்காத வார்த்தைகளுக்கெல்லாம் அர்த்தம் கேட்டேன்.

நாம் சாப்பிடுகிற சர்க்கரை அந்தச் சவ்வை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் வருஷக்கணக்காகச் சர்க்கரைத் திரவத்திலேயே ஊறிக் கிடப்பதற்காக அது படைக்கப்பட்டதல்ல. திரவத்தைக் கிருமியில்லாமல் காய்ச்சும்போது சர்க்கரை சிதைந்து உண்டாகும் பொருள்களும் அதைப் புண்படுத்துகின்றன. மேல்தோல் போன்ற செல்கள் உதிர்கின்றன. அடியில் நார் படர்கிறது. புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அந்தக் குழாய்கள் சர்க்கரையை வேகமாக உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரை இழுக்க ஆள் இல்லாமல் போகிறது. உடனே இன்னும் கூடுதல் சர்க்கரை. அதனால் இன்னும் கூடுதல் புண். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற சம்சாரியின் கதைதான்.

மிகச் சிலருக்கு இது இன்னொரு படி போய்விடுகிறது. தழும்பு குடலைக் கூடு போலச் சுற்றி இறுக்குகிறது. சாப்பிட்டது இறங்காது, வாந்தி, வலி, மெலிவு. சவ்வு கூடாகிக் குடலைச் சுற்றுவதை டயாலிசிஸ் வருவதற்கு முன்பே, 1907இலேயே ஒரு டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். டயாலிசிஸ் நோயாளிகளிடம் 1980இல் அதைக் கண்டு எழுதினார்கள்.

இதற்கு மருந்து? ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். மார்புப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். நெதர்லாந்தில் 63 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2011இல் எழுதியிருக்கிறார்கள்: டமாக்ஸிஃபென் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 45.8 சதவீதம், சாப்பிடாதவர்களில் 74.4 சதவீதம். இதைப் படித்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் லண்டன் வட்டாரத்தில் 111 நோயாளிகளைப் பார்த்தவர்கள், மாத்திரை சாப்பிட்டதால் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டுமே பழைய ஏடுகளைப் புரட்டி எடுத்த கணக்கு. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல. ஜப்பானில் ஹிரோஷிமாவிலும் இங்கிலாந்தில் மான்செஸ்டரிலும் கூட்டை உரித்துக் குடலை விடுவிக்கும் அறுவையில் கைதேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். அது கூடு கட்டி முடித்தவர்களுக்கான கடைசி வழி.

ஆகப் பயன்பட்ட கணக்கு ஜப்பானியர்கள் 2004இல் வெளியிட்டதுதான். 1958 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில் கூடு கட்டியது 2.5 சதவீதம் பேருக்கு. மூன்று வருஷத்துக்குள் ஒருவருக்கும் இல்லை. எட்டு வருஷத்தில் 2.1 சதவீதம், பதினைந்து வருஷம் தாண்டினால் 17.2. சர்க்கரையைத் தனி அறையில் வைத்துக் கடைசி நேரத்தில் கலக்கும் புதுவகைப் பைகள் வந்தபின் அங்கே நோய் குறைந்திருக்கிறது.

நான் மாமாவிடம் போய்ச் சொன்னேன்: "கரைக்கிற மருந்து என்று நம்பிக் கையில் கொடுக்க ஒன்றுமில்லை மாமா. எட்டு வருஷமானாலும் பெரும்பாலோருக்குக் கூடு கட்டுவதில்லை. ஆனால் உங்கள் சவ்வு தண்ணீர் இழுப்பதை நிறுத்திக்கொண்டு வருகிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். பை மாற்றுவதை விட்டால் பயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. விட்ட பிறகும் சிலருக்கு வந்திருக்கிறது. அதனால் கவனிப்பை விடக் கூடாது."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சுரங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். "மோட்டார் நின்ற பிறகு ஓடுகிறவன் ஆபரேட்டர் இல்லை மாப்பிள்ளை. மட்டம் ஏறுகிறதைப் பார்த்தே முடிவு பண்ணணும்." அடுத்த வாரம் ரத்த டயாலிசிஸுக்கு ஒப்புக்கொண்டார். சந்தோஷமாக அல்ல. வாரத்தில் மூன்று நாள் போய்விடுகிறதே என்ற குறை இன்றைக்கும் உண்டு. அது நியாயமான குறை.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. ஏழைகளுக்கு அது பெரிய உபகாரம். அன்று தொடங்கித் தொடர்கிறவர்களுக்கு 2029இல் எட்டு வருஷமாகும். அப்போது யாருடைய சவ்வு எப்படி இருக்கிறது என்று சொல்ல நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும். அபூர்வமான நோய்க்கு மருந்து ஒரு ஆஸ்பத்திரியின் அனுபவத்திலிருந்து கிடைக்காது. பல ஊர்க் கணக்குகள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரியும்.

கணக்கு இல்லாமலும் இல்லை. உள்ளே விட்டது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு பைக்கும் தேதி போட்டு மாமா எழுதிய நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. வீட்டை ஒழித்தபோது அக்காள் அவற்றை எடைக்குப் போடப் பார்த்தாள். அவர் விடவில்லை. துணிப்பையில் கட்டி டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.