இறக்கை கேட்கும் கணக்கு

மதுரை திருநகரில் மொட்டைமாடியில் நின்றால், பெருங்குடி விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானங்கள் தெற்கே தாழ்ந்து செல்வது தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தாங்களும் ஒன்று செய்து பறக்க வேண்டும் என்ற ஆசை வராமல் போகாது. எனக்கு வந்த ஆசை இன்னும் போகவில்லை. ஆள் தொங்கியபடி எஞ்சின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் ஹேங் கிளைடரில் ரிஜிட் என்று ஒரு வகை உண்டு. அதன் இறக்கையை வைத்து, அல்ட்ராலைட் என்னும் மிக இலேசான ஒற்றை ஆள் விமானம் வடிவமைக்க முடியுமா என்று நோட்டில் கணக்குப் போடுவது என் மாலை நேரத்துச் சந்தோஷம்.

சாதாரண ஹேங் கிளைடரில் துணி காற்றில் உப்பித்தான் வடிவம் பெறும். ரிஜிட் வகையில் ஸ்பார் என்னும் முதுகெலும்பும் விலாச்சட்டங்களும் வடிவத்தைக் கலையாமல் காக்கும். அதனால் கூடுதல் தூரம் சறுக்கும். விமானத்தில் செய்யக் கடினமான பாகம் தயாராகவே கிடைக்கிறது. மிச்சத்தைப் பொருத்தினால் போதாதா?

அப்படிப் பொருத்தித்தான் அல்ட்ராலைட் விமானமே பரவியது. டாரஸ் கிசெனியுக் என்ற அமெரிக்க இளைஞர் வடிவமைத்த இக்காரஸ் 2 என்ற வாலில்லாத இரட்டை இறக்கைக் கிளைடரில், ஜான் மூடி ஒரு சிறு எஞ்சினை மாட்டினார். 1975 மார்ச்சில் விஸ்கான்சினில் உறைந்த ஏரி ஒன்றின் மேல் ஓடியே கிளம்பிப் பறந்தார். மறு ஆண்டு ஆஷ்காஷ் விமான விழாவில் எஞ்சின் மாட்டிய கிளைடரில் பறந்து காட்டினார். சக்கரமும் இருக்கையும் பின்னால் வந்தன.

அந்தச் சக்கரத்தில்தான் சிக்கலே தொடங்குகிறது. விமானியோடு சேர்த்து 110 கிலோவுக்கென்று செய்த இறக்கை என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின், புரொப்பல்லர், சக்கரம், இருக்கை, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 60 கிலோ கூடினால் மொத்தம் 170. பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். மணிக்கு 35 கிலோமீட்டரில் மிதந்தது இப்போது 43-க்குக் கீழே போனால் விழும். எடையைப் போல 4 மடங்கு விசையைத் தாங்கிய ஸ்பார், ஏறக்குறைய 2.6 மடங்குதான் தாங்கும். சித்திரை வெயிலில் வறண்ட கண்மாய்களிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று தூக்கிப் போடும்போது அந்தக் குறைவு உயிர் சம்பந்தப்பட்டது.

கிளைடரில் தொங்குபவர் பெரும்பாலும் உடம்பை நகர்த்தியே கட்டுப்படுத்துகிறார். எஞ்சினும் இருக்கையும் சட்டத்தில் இறுகியபின் அந்த நகர்வு போதாது, வால் வேண்டும். வால் வைத்தால் எடைமையம் பின்னால் போகும். அதை முன்னுக்கு இழுக்க ஆளையோ எஞ்சினையோ நகர்த்த வேண்டும். எஞ்சினை இறக்கைக்கு மேலே உயர்த்தி வைத்தால் அதன் உந்துதல் மூக்கைக் கீழே அழுத்தும்; திடீரென்று எஞ்சின் நின்றால் மூக்கு மேலே எழும், வேகம் கரையும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது. 1982-ல் அமெரிக்க விதிகள் எஞ்சின் வைத்த அல்ட்ராலைட்டின் வெற்று எடைக்கு 115 கிலோ என்று வரம்பு கட்டியதன் நியாயம், நோட்டில் இரண்டு பக்கம் எழுதியதும் எனக்குப் புரிந்தது.

இவ்வளவையும் கடந்து விமானம் கட்டியவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். கேரளத்தில் தொடுபுழைக்கு அருகில் பிறந்த சஜி தாமஸ் காது கேளாதவர், பேச இயலாதவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைப் பார்த்துப் பிறந்தது அவருடைய ஆசை. பல ஆண்டுகள் உழைத்து அவர் கட்டிய சிறு விமானம் 2014-ல் நம் மணிமுத்தாறில் பறந்தது. ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர் அவருக்குத் துணை நின்றார். அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்ட அந்தப் பொறுமையைத்தான் சஜியின் கைத்திறனைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

விமான நிலையத்தை ஒட்டிய திருநகர் வானத்தில் இஷ்டத்துக்குப் பறக்க முடியாது. எங்கே பறந்தாலும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் இறக்கையைத் தலைகீழாகக் கிடத்தி, மணல் மூட்டைகளை அடுக்கி, எவ்வளவு வளைகிறது என்று அளக்க யாருடைய வானமும் வேண்டாம். மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளின் பட்டறைகளில் மாணவர்கள் இதைச் செய்ய வேண்டும். தன் கையால் செய்த ஸ்பார் எந்த மூட்டையில் முறிகிறது என்று தரையிலேயே கண்டவர், வானத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.